நிறத்தை விடுங்கள், காலைப் பாருங்கள்

இயற்கை பார்க்கவென்று அந்தமானுக்கு வருகிறவர்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் செய்கிற முதல் காரியம், ஊரைவிட்டு ஓடுவது. நேரே சிடியா டாப்புக் காட்டுக்கு வண்டி பிடிக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் மரத்துக்கு மரம் டார்ச் அடித்து ஆந்தை தேடுகிறார்கள். தீவுக்கே உரிய பறவைகளின் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டுவிட்டு மறு விமானம் ஏறுகிறார்கள். உள்ளூர்க்காரர்களோ, 'அதெல்லாம் பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் சமாச்சாரம்' என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தலைக்கு நாலு முழம் மேலே உழவாரன் சுற்றினாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரு தரப்புக்கும் நினைப்பு ஒன்றுதான்: இயற்கை காட்டில் இருக்கிறது, ஊரில் இருப்பது காக்கையும் பல்லியும். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். பார்க்கக் கற்றுக்கொள்ள போர்ட் பிளேரைவிட (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டார்கள், பஜாரில் இன்னும் பழைய பெயர்தான்) நல்ல இடம் இந்தத் தீவுகளில் கிடையாது. காட்டில் ஓர் உயிரின் நிறம் மட்டுமே கண்ணில் படும், அதுவும் இலைகளுக்கு நடுவே அரை நொடி. ஊரில் அதன் கால் தெரியும். எதைப் பிடித்துக்கொண்டு பிழைக்கிறது என்பது தெரியும். அதைப் பிடித்துவிட்டால் மற்ற விவரமெல்லாம் பின்னாலேயே வந்து சேரும்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தீவு கிழக்கே ஒதுங்கிக் கிடக்கிறது, கடிகாரம் மட்டும் டெல்லிக் கணக்கில் ஓடுகிறது; ஆகவே காலை ஐந்து மணி வாக்கில் விடிந்து, மாலை ஐந்தரை வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். எட்டு மணிக்கு நிதானமாக டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு மிச்சம்மீதிதான். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், இல்லாவிட்டாலும் குடி முழுகாது. ஒரு நோட்டு வேண்டும், ஓரிடத்தில் கால் மணி நேரம் நிற்கும் பொறுமை வேண்டும். போட்டோவைச் செயலியில் ஏற்றினால் பெயர் வந்துவிடும். பெயர் வந்ததும் பார்ப்பது நின்றுவிடும், அதுதான் அதிலுள்ள கோளாறு. பெயரைக் கடைசியில் கேளுங்கள்.

இனி விஷயம். தகைவிலானும் உழவாரனும் ஒன்று என்று நினைப்பவர்கள் பஜாரில் மட்டுமில்லை, அலமாரி நிறையப் பறவைப் புத்தகம் வைத்திருப்பவர்களிலும் உண்டு. இரண்டும் சிறியவை, மேற்புறம் பளபளக்கும் கருநீலம், நாள் முழுக்க ஆகாயத்தில் பூச்சி பிடிப்பவை. நிறத்தை நம்பினால் இங்கேயே ஏமாந்துபோவீர்கள். மின்கம்பியைப் பாருங்கள். அதில் வரிசை கட்டி உட்கார்ந்து கோதிக்கொண்டிருப்பது தகைவிலான். ஆண்டு முழுக்க இங்கேயே குடியிருக்கும் வகைக்கு நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், வால் குட்டை. குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கேயிருந்து வரும் வகைக்கு வாலின் இரு ஓரமும் நீண்டு மெலிந்திருக்கும். இரண்டுமே கம்பியில் உட்காரும். உழவாரன் உட்காராது. கிளையிலும் உட்காராது. அதன் கால் வயிற்றோடு ஒட்டிய கட்டைக்கால். செங்குத்துச் சுவரில் நகத்தை மாட்டித் தொங்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பறக்கும்போதும் பாருங்கள்: தகைவிலான் சிறகை அடித்துப் பாதி மடக்கி வழுக்கும், மடங்கும் இடம் தெரியும், உழவாரனின் இறக்கை அரிவாள் போல ஒரே வளைவு. தகைவிலான் குருவி, மைனா, காக்கை வகையறா. உழவாரனுக்கு நெருங்கிய சொந்தம் அமெரிக்கக் கண்டங்களில் பூவுக்குப் பூ நின்று தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டுகள். ஒரே தொழிலை இரண்டு வம்சங்கள் தனித்தனியே கற்றுக்கொண்டதில் உருவம் ஒன்றுபோல ஆகிவிட்டது. பிரித்துக் காட்டுவது கால்தான்.

இதிலேயே இன்னும் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூடு கட்டும் வித்தையும் காலிலிருந்தே வருகிறது. தகைவிலானால் தரையில் இறங்க முடியும், ஆகவே குட்டையோரம் சேற்றை அலகில் அள்ளிவந்து மண்கிண்ணம் கட்டுகிறது. உழவாரனுக்குத் தரை ஆகாது. சேறு எடுக்க வழியில்லாத பறவை என்ன செய்யும்? தன் எச்சிலையே பசையாக்கிக்கொண்டது. பஜாரில் கடைகளின் மேற்கூரைக்கு அடியிலும் மாடிப்படி வளைவிலும் பாசி, நார், புல் ஆகியவற்றை எச்சிலால் ஒட்டிச் சிறு கிண்ணமாகக் கட்டியிருப்பது வெள்ளை வயிற்றுக் குட்டி உழவாரன். அதன் பின்விரலில் பொடி இறகு ஒன்று முளைத்திருக்கும். பறவையைக் கையில் பிடித்தால் ஒழிய அது தெரியாது என்பதால் அதைத் தேடி அலைய வேண்டாம். இதன் உறவுக்காரன் ஒருவன் இருட்டுக் குகைக்குள் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டே வழி கண்டுபிடிப்பான். அவன் கூடு முழுக்க எச்சில். சீனர்கள் சூப் வைப்பது அந்தக் கூட்டைத்தான். விலைக்கு ஆசைப்பட்டு முட்டை குஞ்சென்று பாராமல் பிடுங்கியதில் அந்தமான் குகைகள் காலியாகிக்கொண்டிருந்தன. கோவை ஆனைகட்டியில் இருந்த சாலிம் அலி மையத்தின் ரவி சங்கரன், வனத்துறையோடு சேர்ந்து, கூடு பிடுங்கியவர்களையே குகைக் காவலுக்கு வைத்தார். குகைப் பறவையின் முட்டையைக் கட்டடங்களில் வாழும் இந்தக் குட்டி உழவாரனின் கூட்டில் வைத்து வளர்க்கப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. சீனத்து மேஜை வரைக்கும் போகிற அரிய பறவைக்கு வளர்ப்புத்தாய், நீங்கள் நிமிர்ந்து பார்க்காத பஜார்ப் பறவை.

சுவரிலிருந்து தென்னைக்கு வருவோம். 1858-இல் கைதிகள் குடியேற்றம் தொடங்கியபோது அந்தமானின் பெரிய தீவுகளில் தென்னை அநேகமாக இல்லை. வடக்கே கோகோ தீவுகளில் உண்டு, தெற்கே நிக்கோபாரில் மண்டிக் கிடந்தது, நடுவில் மட்டும் இல்லை. கரையொதுங்கிய காய்களை அந்தமான் பழங்குடியினர் தின்றுவிட்டதால் முளைக்கவில்லை என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆக, இன்று தெருவெல்லாம் நிற்கும் தென்னை குடியேறிகள் நட்டது. அந்த மட்டையில் பட்டப்பகலில் பச்சைப் பசேலென்று ஒரு பல்லி ஓடும். முதுகில் சிவப்புப் புள்ளி, மூக்கிலிருந்து கண் வழியாகச் சிவப்புக் கோடு, ஆணுக்கு வால் நீலம். போட்டோக்காரர்கள் அந்த நிறத்தோடு திருப்தியாகிவிடுவார்கள். நீங்கள் கண்ணாடி ஜன்னலில் அது ஏறும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். அகன்ற விரல்பட்டை, நகம் இல்லை. உங்கள் வீட்டு டியூப்லைட் பல்லிக்கு நகம் உண்டு, கண்மணியும் கீறல். இதற்குக் கண்மணி வட்டம், பகல்வாசி. இதன் இனத்தாரெல்லாம் மடகாஸ்கர், மொரீஷியஸ், சீஷெல்ஸ் பக்கம் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மனிதர்களுக்கு வெகுகாலம் முன்பே இங்கு வந்து சேர்ந்து தனி இனமாகிவிட்ட ஒன்று, நேற்று நட்ட தென்னையிலும் பாக்கிலும் வாழையிலும் குடித்தனம் நடத்துகிறது. மட்டையிடுக்கில் கெட்டி ஓட்டு முட்டை இடுகிறது. தொல்குடி உழவாரனுக்கு கான்கிரீட் கூரை, தொல்குடிப் பல்லிக்கு வந்தேறித் தென்னை. ஊர் என்பது காடு அழிந்த மிச்சம் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வாடகைதாரர்களையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மைனாவும் சிட்டுக்குருவியும் கைதிகள் காலத்தில் கப்பலேறி வந்தவை. மைனா நடக்கும், சிட்டுக்குருவி தத்தும். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, புல்வெளியில் ஐந்து நிமிடம் போதும். மார்ச் 20 வந்தால் 'குருவியைக் காப்போம்' என்று அட்டைப்பெட்டிக் கூடு பரப்பும் வாட்ஸ்அப் உற்சாகிகளிடம் ஒன்றே ஒன்று: குருவி தமிழ்நாட்டு முற்றத்துக்குப் பழையவள், இந்தத் தீவுக்கு இறக்குமதி. மீன்கொத்தி? வெள்ளைக் கழுத்தோடு கம்பியில் உட்கார்ந்து கத்துகிறதே அதுதான். அதன் முன்விரல்கள் பாதிவரை ஒட்டியிருக்கும், நடக்க உதவாத கால். உட்கார்ந்த இடத்திலிருந்தே நண்டையும் ஓணானையும் பாய்ந்து பிடிக்கும். தண்ணீரே இல்லாத தெருவில் மீன்கொத்திக்கு என்ன வேலை என்ற கேள்விக்கும் பதில் அதுதான்.

இப்படிக் காலை நோண்டிக்கொண்டிருந்தால் அழகு செத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 'பசுமை சொர்க்கம்' என்று பயணக்கட்டுரை எழுதுகிறவர்களின் அழகு நாலு பெயரடையில் தீர்ந்துபோகிறது. கால் தெரிந்தவனுக்கு ஒரே கம்பியில் ஒரு வருடம் ஓடும். இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று: தீவுகளைத் தின்றுகொண்டிருப்பவை வெளியிலிருந்து வந்த உயிர்கள், அவற்றை ரசிக்கச் சொல்வது நியாயமா? நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் விட்ட புள்ளிமான், அதை அடித்துத் தின்னும் விலங்கு இல்லாததால் பெருகிக் காட்டின் அடிச்செடிகளை மொட்டையடித்தது. செடி போன இடங்களில் காட்டுப் பல்லிகளும் குறைந்துபோனதை ஆய்வுகள் காட்டின. சூழலியலாளர் ரவூஃப் அலி போன்றவர்கள் ஆண்டுக்கணக்காக இதை எழுதினார்கள். ஆனால் சுற்றுலாப் பயணி ராஸ் தீவில் மானைக் கண்டதும் பிஸ்கட் நீட்டுகிறார். பார்க்கச் சொல்வது வேறு, கொஞ்சச் சொல்வது வேறு. ஜப்பானியர் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் வந்த ஆப்பிரிக்க நத்தை கீரைப்பாத்தியைத் தின்றதால் வீட்டுப் பெண்கள் உடனே கவனித்தார்கள். இந்த நூற்றாண்டில் மீன்குஞ்சோடு கலந்து வந்திருக்கலாம் என்று கருதப்படும் பெருந்தவளையை யார் கவனித்தார்கள்? அதன் தலைப்பிரட்டைகள் தீவுத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. வயல்வரப்புக் குட்டையைக் குனிந்து பார்க்கும் பழக்கம் நாலு பேருக்கு இருந்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும்.

உங்களுக்கு மட்டும் ஒரு தகவல். சிப்பிகாட் 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, நெல்வயலுக்குள் கடல் வந்து, சதுப்பாகிவிட்ட இடம். பட்டியல்காரர்கள் அங்கேயும் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள்; மூன்று கால் ஸ்டாண்டில் லென்ஸை நிறுத்தித் தூரத்து நாரைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டு, கண்டல் வேர் ஓரத்துச் சேற்றைப் பாருங்கள். முன் துடுப்பிரண்டையும் ஊன்றி ஊன்றிச் சேற்றில் நடக்கும் மீன்கள் இருக்கும். நிழல் பட்டால் துள்ளி வளைக்குள் போய்விடும், அசையாமல் இருந்தால் திரும்ப வரும். தண்ணீர் வடிந்த நேரத்தில்தான் போக வேண்டும். எந்த நாள் எத்தனை மணிக்கு வற்றும் என்று படகுத்துறையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.