பூசணத்துக்குப் பெயர் உண்டு, செடிக்கு?

நூல் மதிப்புரை

தக்காளி இலையில் வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆல்டர்னேரியா என்னும் பூசணத்தின் வேலை இது. வித்துகளை மூடிய உறையில் வைக்காமல் இழைகளின் மீது வெளிப்படையாகத் தாங்கும் இத்தகைய பூசணங்களை ஹைஃபோமைசீட்ஸ் என்பர்.

இவற்றின் இந்திய இனங்களை ஒரே நூலில் திரட்டித் தந்தவர் பேராசிரியர் சி. வி. சுப்பிரமணியன். இன்று கிண்டி வளாகத்தில் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தின் இயக்குநராக விளங்கியவர் இவர். 'ஹைஃபோமைசீட்ஸ்' என்ற இவ்வாங்கில நூலை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1971இல் வெளியிட்டது. 930 பக்கங்கள்!

வித்து எந்த நிறம், எந்த வடிவம் என்பதைவிட அது எவ்வாறு பிறக்கிறது என்பதே வகைப்பாட்டுக்கு அடிப்படை என்று 1962லேயே வாதிட்டவர் ஆசிரியர். பல ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்த செய்திகளை ஓரிடத்தில் சேர்த்த அவரது உழைப்பு போற்றத்தக்கது.

ஆயினும் குறை ஒன்று உண்டு. இந்நூலில் பூசணமே கதாநாயகன். செடியோ வெறும் விலாசம். எந்தச் செடியின் இலையில், எந்த ஊரில் கிடைத்தது என்று அறிகிறோம். அச்செடி வாடியதா, இரண்டு புள்ளிகளோடு தப்பியதா என்று அறிய வழியில்லை. வகைப்பாட்டு நூலிடம் இதைக் கேட்பது நியாயமா எனலாம். ஆனால் தப்பிய செடிதானே நமக்குப் புதையல்!

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுப் பகுதியில் சிறு மணிபோல் காய்க்கும் காட்டுத் தக்காளி ஒன்று உண்டு: சோலானம் பிம்பினெல்லிஃபோலியம். இலைப்பூசண நோயை எதிர்க்கும் சிஎஃப்-9 மரபணு இதிலிருந்தே பயிர்த் தக்காளிக்கு வந்தது. 1994இல் அம்மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தனர். காட்டுச் செடி நோயை எவ்வளவு தாங்குகிறது என்று கவனித்தவர்கள் இருந்ததால் கிடைத்த பேறு இது.

நம் வேலியோரத்துச் சுண்டை, தூதுவளை, மணத்தக்காளி ஆகியவையும் சோலானம் பேரினத்தவையே. தக்காளியோடு எளிதில் கலக்காத தூரத்து உறவுகள்தாம். எனினும், மணத்தக்காளி போன்ற களையில் தங்கும் பூசணம் அடுத்த பயிருக்குத் தாவக்கூடும். ஆகவே அவற்றின் இலைப்புள்ளிகளும் கணக்கில் வரவேண்டும்.

இன்னொரு சங்கடம்: இலைப்புள்ளி உண்டாக்குவதில் பேர்பெற்ற செர்க்கோஸ்போரா கூட்டத்தை இந்நூல் தலைப்பிலேயே விலக்கிவிடுகிறது. அதற்கு ஆர். எஸ். வாசுதேவாவின் 1963ஆம் ஆண்டு நூலைத் தேட வேண்டும். டி.என்.ஏ. ஆய்வுக்குப் பின் இரு நூல்களிலும் பல பெயர்கள் பழையனவாகிவிட்டன.

செடியைத் தலைப்பாக வைத்து, புள்ளியின் அளவையும் தீவிரத்தையும் படத்துடன் விளக்கும் ஒரு தமிழ்க் கையேடு இன்று தேவை. சுப்பிரமணியன் போட்ட அடித்தளம் உறுதியானது. அதன்மேல் கட்டுவது தாவரவியல் மாணவர் கடமை.