சொல்லற்ற பனுவலில் நோயும் நடையும்: ‘த்சேரா’ குறும்படம்

1. முன்னுரை

நடை என்பது பொருளின் மேற்பூச்சன்று. பொருளை உருவாக்கும் தெரிவுகளின் தொகுதியே நடை என்பர் நடையியலார். இக்கருத்தைச் சொல்லே இல்லாத ஒரு பனுவலில் பொருத்திப் பார்ப்பது பயனுடையது. பிராகிலுள்ள ஃபாமு திரைப்படக் கல்லூரியில் பயின்ற தாரியா கஷ்சேவா 2019இல் உருவாக்கிய ‘த்சேரா’ (மகள்) என்னும் பொம்மை அசைவூட்டப் படம் அதற்கு ஏற்ற சான்றாகும். 92ஆம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரை பெற்ற இப்படம் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடுவது, உரையாடல் அற்றது.

2. பொருள்

மருத்துவமனை அறையில் தந்தை நோயுற்றுக் கிடக்கிறார். மகள் அருகில் இருக்கிறாள். அடிபட்ட பறவையொன்றைப் பற்றித் தந்தையிடம் பகிர முயன்று, அவரது அணைப்பைப் பெறாது போன சிறுவயது நிகழ்ச்சி அவள் நினைவில் எழுகிறது. அன்றைய இடைவெளி பல்லாண்டுகள் நீண்டு இவ்வறை வரை வந்துள்ளது. நோயின் பெயர் எங்கும் சுட்டப்படவில்லை.

3. நடைக்கூறுகள்

பொம்மை அசைவூட்டத்தில் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே படமாக்கப்படுவதால், கேமராவை அசையாது நிறுத்துவதே எளிய வழி. இப்படத்திலோ கையிற் பிடித்து எடுத்தாற்போலக் காட்சி நடுங்குகிறது. குவியம் தவறிப் பின் கூடுகிறது. இந்நடுக்கம் தற்செயலானதன்று, சட்டந்தோறும் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. பிராக் மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த யான் முகர்ஷோவ்ஸ்கி 1932இல் விளக்கிய முன்னிறுத்தல் என்னும் கருத்து இதற்கு முற்றிலும் பொருந்தும். நடுங்குவது நோயாளியின் உடலன்று, பார்ப்பவளின் பார்வை. எனவே நோய் தந்தையின் உடற்குறியாக அன்றி, மகளின் காணும் முறையாகவே பொருள்படுகிறது.

பொம்மைகள் காகிதக் கூழால் ஆனவை. மேற்பரப்பின் சொரசொரப்பு மறைக்கப்படவில்லை. முகத்தின் உணர்ச்சி பெரிதும் கண்களிலேயே தங்குகிறது. அக்கண்கள் சட்டந்தோறும் தீட்டி மாற்றப்பட்டவை. இறுகிய முகமும் இடையறாது மாறும் கண்ணும் முரணி நிற்பதால், சொல்ல இயலாமை என்பது வடிவமாகவே அமைந்துவிடுகிறது.

பறவைக் குறியீட்டை இத்துணை உயர்வாக மதிப்பிட இயலாது. மருத்துவமனைச் சன்னலில் பறவை மோதிக் கண்ணாடி உடையுமிடத்தில் ஒப்புமை வெளிப்படையாகிவிடுகிறது. நடுக்கம் உணர்த்தியதைப் பறவை விளக்க முற்படுகிறது; விளக்கம் அங்குத் தேவைப்படவில்லை.

4. மொழிபெயர்ப்பு நோக்கு

குறித்தொகுதி விட்டுக் குறித்தொகுதி பெயர்த்தலை ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பின் மூன்றாம் வகையாகக் கொண்டார். பார்வையற்றோருக்கு இப்படத்தைத் தமிழில் ஒலிவழி விவரிப்பவர் செய்வது இப்பணியே. குவியம் தவறும் ஓரிடத்தை ‘மகள் கவலையுடன் பார்க்கிறாள்’ என விவரித்தால், படம் கூறாத முடிவை அவர் கூறியவராவார். ‘தந்தையின் முகம். மங்குகிறது. மீண்டும் தெரிகிறது’ எனில் நடை காக்கப்படும். நோய்க்குப் பெயர் சூட்டுவது இதனினும் பெரும்பிழை.

தலைப்பிற்கும் இது பொருந்தும். ‘ஒரு மகள்’, ‘என் மகள்’ என்னும் அடைகள் வேண்டா. மகள் என்பது பெற்றோரை முன்னிட்டே பொருள் தரும் உறவுப்பெயர். படம் முழுதும் மகளின் பார்வையில் அமைய, தலைப்பு மட்டும் தந்தையின் நிலையிலிருந்து அவளைச் சுட்டுகிறது. படத்தினுள் ஒலிக்காத அழைப்பு தலைப்பில் நிற்பதால், அச்சொல்லை அடையின்றியே பெயர்த்தல் வேண்டும்.