கிராமுக்கு 5 காசு: இது என்ன கணக்கு?

கோவை ரங்கே கவுடர் வீதியில் மளிகை வாங்கியிருக்கிறீர்களா? மூட்டையில் செருகிய அட்டையில் ‘கிலோ இத்தனை ரூபாய்’ என்று எழுதியிருக்கும். நாலு கடை ஏறி இறங்கினால் எது மலிவு என்பது விளங்கிவிடும்.

பொட்டலத்தில் அடைத்த பொருள்களில் இது அவ்வளவு எளிதன்று. ஒரு பொட்டலத்தில் 500 கிராம், அடுத்ததில் 450, இன்னொன்றில் 900. ரவை, மாவு போன்றவற்றை எந்தெந்த எடைகளில் அடைக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. 2021இல் வந்த திருத்தம் அதை நீக்கியது. ஓர் அலகின் விலையைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றும் சொன்னது. நோக்கம் நல்லதே. ஆனால் அச்சிடச் சொன்ன முறையில் ஒரு குறை இருக்கிறது.

எடை ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கு என்ன விலை, மிகுந்தால் கிலோவுக்கு என்ன விலை என்று குறிக்க வேண்டும். அதையும் ரூபாயில், இரண்டு தசம இடங்களுக்கு முழுமைப்படுத்த வேண்டும். இங்கேதான் தவறு நேர்கிறது.

எடுத்துக்காட்டாக, அரைக் கிலோ ரவைப் பொட்டலங்கள் இரண்டைக் கொள்வோம். ஒன்று 23 ரூபாய். மற்றது 27 ரூபாய். கிராம் விலை முறையே 0.046, 0.054. முழுமைப்படுத்தினால் இரண்டுமே 0.05! கிலோவுக்கு 8 ரூபாய் வேறுபாடு, ஒப்பிட உதவ வேண்டிய எண்ணிலேயே மறைந்துபோயிற்று.

இயற்பியல் மாணவர்களுக்குக் காரணம் உடனே புரியும். 0.05 என்பதில் முக்கிய எண்ணுரு ஒன்றே ஒன்றுதான். கிராமுக்கு அரைக் காசு வரை பிழை நேரலாம். அதாவது கிலோவுக்கு 5 ரூபாய். கிலோ 500 ரூபாய் விற்கும் பொருளில் இது 1 விழுக்காடு. கிலோ 50 ரூபாய் விற்கும் பொருளிலோ 10 விழுக்காடு! விலை குறைந்த பொருளை, அதுவும் சிறு பொட்டலமாக வாங்குபவர் யார்? அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துபவரே. காசைப் பார்த்துச் செலவிட வேண்டியவருக்கே இந்த எண் மிகக் குறைவாகப் பயன்படுகிறது.

இதற்குத் தீர்வு கடினமன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் பிறப்பித்த ஆணை, கிலோ அல்லது லிட்டர் விலையையே பொது அளவாகக் கொண்டது. நம் பொட்டலங்களிலும், எடை எதுவானாலும், கிலோ விலையை அச்சிட்டால் போதும்.

அதுவரை நாமே கணக்கிடுவோம். விலையை எடையால் வகுத்து, 1000ஆல் பெருக்குங்கள். 450 கிராம் 27 ரூபாய் என்றால் கிலோ 60 ரூபாய்; 500 கிராம் 28 ரூபாய் என்றால் கிலோ 56 ரூபாய்தான். கையில் கொடுக்கும் பணம் ஒரு ரூபாய் கூடினாலும் இரண்டாவதே மலிவு. தரம் ஒன்றாக இருந்தால், வண்டு விழுமுன் தீர்ந்துவிடுமென்றால், அதையே வாங்கலாம்.

இன்றே உங்கள் வீட்டு அடுக்களையில் உள்ள ஐந்து பொட்டலங்களை எடுத்து இக்கணக்கைச் செய்து பாருங்கள். அச்சிட்ட எண் சொல்லாததை உங்கள் பென்சில் சொல்லும்.