கட்டைவிரலை வெளியே எடுத்த டவுலண்ட்

ஜான் டவுலண்ட் என்றதும் எல்லோரும் கண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. தன் பெயரையும் துயரத்தையும் கோத்து லத்தீனில் சிலேடை செய்து, அதையே ஒரு இசைக்கோவைக்குத் தலைப்பாக வைத்தவர். சோகம் ஒருபுறம் கிடக்கட்டும். 1563இல் பிறந்த இந்த ஆங்கில லூட் கலைஞரின் வலது கையைக் கொஞ்சம் கவனிப்போம்.

லூட் என்ற மீட்டு வாத்தியத்தில் நரம்புகள் ஜோடி ஜோடியாக இருக்கும். நரம்பு, கழுத்தைச் சுற்றிக் கட்டிய மெட்டு இரண்டுமே ஆட்டுக்குடல். மீட்டிய ஸ்வரம் வெகுநேரம் நிற்காது. டவுலண்ட் இளைஞராக இருந்தபோது வழக்கில் இருந்த முறையில், கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு உள்பக்கமாகப் போகும். அதுவும் ஆள்காட்டி விரலும் மாறி மாறி மீட்டும். ஒரு மீட்டு அழுத்தம், அடுத்தது மென்மை. வேகமான ஓட்டங்களுக்கு இதைவிடத் தோதான கை கிடையாது. ஆனால் அவர் காலத்திலேயே ஆறு ஜோடி லூட்டில் மந்தர நரம்புகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின. மந்தரத்துக்குத் தாவ வேண்டிய கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தால் எட்டுமா? டவுலண்ட் அதை வெளியே எடுத்து நீட்டி வாசிக்கத் தொடங்கினார். முதலில் உள்ளே வைத்தவர், பின்னால் வெளியே மாற்றினார் என்று கோனிக்ஸ்பெர்க் இசைக்கலைஞர் ஸ்டோபேயஸின் கையெழுத்துப் பிரதி அவர் பெயரைச் சொல்லியே குறிக்கிறது. ரன் குவித்துக்கொண்டிருக்கும் மட்டையாளர் மட்டைப் பிடியை மாற்றுவதற்குச் சமம் இது. பழகிய விரல் அவ்வளவு லேசில் பேச்சைக் கேட்காது.

'லாக்ரிமே' பவானைக் கேளுங்கள். பவான் என்பது மெதுவாக நடந்து ஆடும் நடனத்துக்கான இசை. இறங்கிவரும் நான்கு ஸ்வரங்களில் தொடங்குகிறது, மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதியையும் முதலில் நேராக வாசித்துவிட்டு, மறுமுறை அதே மெட்டைப் பொடிப்பொடி ஸ்வரங்களாக உடைத்து ஓடவிட வேண்டும். நேராக வாசிப்பதைப் பலர் சமாளித்துவிடுவார்கள். ஆள் யாரென்று தெரிவது அந்த மறுமுறையில்தான்: மேலே ஓட்டம் ஓடும், நடுக்குரல் அறுபடக் கூடாது, மந்தரம் சரியான இடத்தில் விழ வேண்டும். 'ஃபார்லோர்ன் ஹோப்' இன்னும் கடினம். அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்கும் ஒரே கரு மேல் குரல், நடுக்குரல், கீழ்க்குரல் என இடம் மாறி வந்துகொண்டே இருக்கும். அழுதுகொண்டு வாசிக்கக்கூடிய சங்கதி அல்ல. கணக்குத் தப்பினால் போச்சு.

இனி தேர்வுக்குழு விவகாரம். 1594இல் எலிசபெத் அரசவையில் லூட் கலைஞர் இடம் ஒன்று காலியானது. டவுலண்ட் கேட்டார், கிடைக்கவில்லை. இளவயதில் பாரிஸில் கத்தோலிக்கத்தைத் தழுவியதுதான் காரணம் என்று மறு ஆண்டு நூரம்பெர்க்கிலிருந்து அமைச்சர் ராபர்ட் செசிலுக்கு நீண்ட கடிதம் எழுதினார். எனக்கு அது முழுசாக நம்பும்படி இல்லை. கத்தோலிக்கரான வில்லியம் பேர்ட் அதே அரசியின் தேவாலய இசைக்குழுவில்தான் இருந்தார். காலியான இடத்துக்கு உடனே வேறு யாரையும் போடவும் இல்லை. கஜானா சிக்கனமும் காரணமாக இருந்திருக்கலாம்.

அரசவையில் இடமில்லாதவரை வெளியே இருந்தவர்கள் கொண்டாடினார்கள். 1597இல் வந்த முதல் பாடல் தொகுப்பு பலமுறை மறுபதிப்பு கண்டது. ஒரே புத்தகத்தை மேசைமேல் விரித்துச் சுற்றி உட்கார்ந்து பாடலாம். ஒவ்வொருவர் பகுதியும் அவரவர் பக்கம் பார்த்து அச்சாகியிருக்கும். மறு ஆண்டே டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் ஆண்டுக்கு 500 டேலர் (அன்றைய டென்மார்க் நாணயம்) சம்பளத்தில் அழைத்துக்கொண்டார். அந்த அரசவையில் அது மிகப் பெரிய தொகை. ஆனாலும் கடன் துரத்தியது. விடுப்பில் போனவர் குறித்த நாளில் திரும்புவதும் அபூர்வம். 1606இல் வேலை போயிற்று.

1612இல், 49 வயதில், ஜேம்ஸ் மன்னரின் லூட் கலைஞராக ஒருவழியாக நியமனம் வந்தது. அதே ஆண்டு வெளியிட்ட தொகுப்பின் முன்னுரையில், தான் வாசிப்பது பழைய பாணி என்று இளம் கலைஞர்கள் பேசுவதாகக் குமுறுகிறார். கையையே மாற்றிக்கொண்டவருக்கு இந்தப் பட்டம்! அதற்குப் பிறகு 1626இல் இறக்கும்வரை அவர் பெயரில் புதிய தொகுப்பு எதுவும் வரவில்லை. இடம் கிடைத்தது, ஆட்டம் முடிந்தது.

ஒலிப்பதிவு தேடுபவர்களுக்கு: 2006இல் பாப் பாடகர் ஸ்டிங் இவரது பாடல்களைப் பாடி, செசில் கடிதத்தையும் இடையிடையே வாசித்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். கதை தெரிந்துகொள்ள அது போதும். விரல்களைக் கேட்க வேண்டுமென்றால் லூட் கலைஞர்கள் பால் ஓடெட் அல்லது நைஜல் நார்த். நார்த்திடம் அவசரமே இல்லை. என் ஓட்டு அவருக்கு.