ஒரு கை தண்ணீர்

மெக்கானிக்கின் காது என்றதும் டாப்பெட்டைப் பற்றிப் பேசுகிறவர்களே அதிகம். ஃபீலர் கேஜைத் தொடாமலே, "மூணாவது சிலிண்டர், எக்ஸாஸ்ட் வால்வு" என்று சொல்லிவிடும் பெரியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டும் இருக்கிறேன். கார்புரேட்டர் கட்சிக்காரர்களோடும் எனக்குப் பகையில்லை. ஆனாலும் என் ஓட்டு ஃபேன் பெல்ட்டுக்குத்தான். டாப்பெட் தட்டினால் தட்டுவது டாப்பெட்தான். பெல்ட் கத்தும்போதோ, கத்துவது யார் என்பதே பெரிய கேள்வி. டைனமோ பேரிங் தேய்ந்திருக்கலாம், புல்லி சாய்ந்திருக்கலாம், வாட்டர் பம்ப் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருக்கலாம். பழி மட்டும் எப்போதும் பெல்ட்டின் தலையில் விழும். பிள்ளை அழுகிறது என்று பிள்ளையை மாற்றுகிற மாதிரி, கத்துகிறது என்று பெல்ட்டை மாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தச் சத்தத்தின் எல்லா வகைகளையும் ஒரே இடத்தில் கேட்க ஆசையிருந்தால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வர வேண்டும். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கமிருந்தும், இந்தப் பக்கம் அரக்கோணம், காஞ்சிபுரத்திலிருந்தும் வருகிற வேன்கள் காவடிக் கூட்டத்துக்குள் ஆமை வேகத்தில் நகரும். இன்ஜின் ஐட்லிங்கில், ஏசி முழு வேகத்தில், பாட்டுப்பெட்டி அலறிக்கொண்டு. கிராங்க் மெதுவாகச் சுற்றும்போது டைனமோவிடம் இவ்வளவு மின்சாரம் கேட்டால் பெல்ட் என்ன செய்யும்? மலைப்பாதை வளைவில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும்போது பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் பங்குக்கு ஒரு கத்தல். டிசம்பர் 31 இரவு, 365 படிக்கும் பூசை நடக்கிற படித்திருவிழாவுக்கு வந்த வண்டிகள் மறுநாள் விடியற்காலையில் பனியில் நனைந்து கிளம்பும்போது கேட்பது வேறு. ரப்பர் விறைத்திருக்கும், பெல்ட்டில் ஈரம், ஸ்டார்ட்டரைச் சுற்றிக் களைத்த பேட்டரி டைனமோவைப் பிழியும். சாவியைத் திருப்பியதும் இழுத்து ஒரு கூவல், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் ஓட்டுநர் அதை மறந்துவிடுவார்.

அரக்கோணம் சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றில் நான் பார்த்த மேஸ்திரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பானெட்டைத் திறப்பதற்கு முன் தோள் துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டுவார். ஃபேனுக்குத் துண்டின் நுனி போதும், கையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். வண்டியின் முன்னால் நிற்க மாட்டார். மட்கார்டு பக்கம் ஒதுங்கி, குனியாமல், எங்கோ மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ஹெட்லைட் போடுப்பா." சற்றுப் பொறுத்து, "ஏசி." அப்புறம், "இடது பக்கம் ஃபுல்லா ஒடி." புத்தூர் வண்டியென்றால் இதே வரிசை தெலுங்கில் நடக்கும். திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை ஆந்திராவில் இருந்த ஊர், பட்டறைகளில் இன்னும் இரண்டு மொழியும் ஓடும். ஒவ்வொரு பாரமாக ஏற்ற ஏற்ற, எதை ஏற்றும்போது குரல் மாறுகிறதோ அந்தப் பக்கம் அவருடைய பார்வை திரும்பும்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர். சொம்பில் விரல்களை நனைத்து, ஓடுகிற பெல்ட்டின் வரிப் பக்கத்தில், கிராங்க் புல்லிக்குச் சற்று முன்னால் தெளிப்பார். ஒரு கை, அதற்கு மேல் இல்லை. மற்றவர்கள் குவளையோடு கவிழ்க்கிறார்கள். எல்லாப் புல்லியும் நனைந்தபின் எதைக் கேட்பது? இவர் தெளித்த தண்ணீர் சில நொடிதான் இருக்கும், அந்தச் சில நொடிதான் பரீட்சை. சத்தம் சட்டென்று அடங்கி, ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. பெல்ட்டின் வரிகள் காடியின் சுவரில் உரசி உரசி ஏறுகின்றன, தண்ணீர் அந்த உரசலை வழவழப்பாக்கிவிட்டது. தண்ணீர் பட்டதும் சத்தம் இரட்டித்தால் பெல்ட் தொய்ந்திருக்கிறது. இருந்த கொஞ்சப் பிடியையும் தண்ணீர் வாங்கிக்கொண்டது. மாற்றமே இல்லையென்றால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதுக்கு முன்னால் எலும்பில் வைத்து, முனையை டைனமோ உடம்பில் ஊன்றுவார். அங்கே பேரிங் பேசும். தண்ணீர் தெளித்துப் பார்ப்பது உலகெங்கும் மெக்கானிக்குகள் செய்வதுதான், பெல்ட் கம்பெனிகளின் கையேடுகளும் சொல்வதுதான். இவரிடம் நான் ரசிப்பது அளவை.

இதிலுள்ள இசையை இசை ரசிகர்களே கவனிப்பதில்லை என்பது என் குறை. பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான தரம் இப்படி நடப்பதால்தான் பெல்ட்டுக்குக் குரல் வருகிறது. வயலின் வில் தந்தியைப் பாட வைப்பதும் இதே வழியில்தான், வில்லுக்கு ரோசின் தேய்ப்பது பிடிக்காகத்தான். தொய்ந்த பெல்ட் இழுத்துக் கத்தும், பாரம் ஏற ஏறக் குரலும் ஏறும். சாய்ந்த புல்லியோ விட்டுவிட்டுக் கீச்கீச்சென்னும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கீச்சுகள் நெருங்கும். இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறவர் தோடியும் தன்யாசியும் ஒன்று என்பார்.

முதலில் வழுக்குவது பெரும்பாலும் டைனமோ புல்லிதான். இருப்பதில் சின்னது, பெல்ட் அதைத் தழுவுகிற தூரமும் குறைவு. பிடி எவ்வளவு என்பது தழுவும் கோணத்தைப் பொறுத்து அடுக்கடுக்காக ஏறும் என்று ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுவிட்டார். வி பெல்ட்டின் 40 டிகிரி ஆப்பு வடிவம் அதே இழுவிசையில் தட்டைப் பெல்ட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிடி தருகிறது. பக்கச்சுவர் பிடிப்பதால் வருகிற லாபம் அது. காடியின் அடித்தளம் பளபளவென்று மின்னினால் பெல்ட் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது, மூன்று மடங்கும் போயிற்று. மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்ப்பது அந்தப் பளபளப்பைத்தான்.

ஸ்ப்ரே அடிக்கிற கட்சி ஒன்று உண்டு. சோப்புக்கட்டி, மெழுகுவத்தி, டால்கம் பவுடர் என்று அதன் ஏழை உறவினர்களும் உண்டு. சத்தம் நிற்கும், மறுக்கவில்லை. நான்கு நாளில் அந்தப் பசையில் சாலைத் தூசி முழுக்க ஒட்டி, வரிகளுக்கிடையே கருங்கல் மாதிரி இறுகும். அந்தக் காலத்து அரிசி ஆலையில் தட்டைப் பெல்ட்டுக்குப் பிசின் தூள் தூவியதைச் சொல்லி வாதாடுவார்கள். அது அகலமான தோல் பெல்ட். நீண்ட ஷாஃப்டிலிருந்து இறங்கி வரும், கிளிப் போட்டு இணைத்த இடம் புல்லியில் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று தாளம் தட்டும். தாளத்தில் ஒரு தட்டு பிசகினால் சாக்கு தைத்துக்கொண்டிருந்த ஆலைக்காரர் தலை நிமிர்த்திப் பார்ப்பார். அந்தப் பெல்ட்டுக்குப் பிசின் சரி, வரிப் பெல்ட்டுக்கு அது விஷம்.

இன்னொரு கட்சி, கடப்பாரையைப் போட்டு நெம்பி இறுக்குகிறவர்கள். நீளமான பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும், வி பெல்ட்டுக்கு அது போதும். அதற்கு மேல் முறுக்கினால் கத்தல் நிற்கும், ஆறே மாதத்தில் வாட்டர் பம்ப் பேரிங் போகும். அதற்கும் பில் போடலாம் அல்லவா.

நகரிப் பக்கமிருந்து வந்த ஒரு டீசல் வேனுக்கு வெளியூரில் ஒரு பெரிய பட்டறையில் பெல்ட்டை இரண்டு தரம் மாற்றியிருந்தார்கள், கீச்சு நிற்கவில்லை. மேஸ்திரி தண்ணீர் தெளித்தார், அடங்கியது, திரும்ப வந்தது. பெல்ட்டைக் கழற்றி, புல்லிகளின் முகத்தில் நூல் பிடித்தார். அம்பு மாதிரி நேராக இருந்தது. பக்கத்தில் நின்ற பையன், "கரெக்டாத்தானே இருக்கு மேஸ்திரி?" என்றான். பதில் சொல்லாமல் பெல்ட்டை மாட்டி இறுக்கிவிட்டு மறுபடி நூல் பிடித்தார். டைனமோ புல்லியின் ஓரம் நூலைவிட்டு விலகி நின்றது. தாங்கும் போல்ட்டின் புஷ் ஓவலாகத் தேய்ந்திருக்கிறது, இழுவிசை ஏறியதும் டைனமோ முன்னால் தலையாட்டுகிறது. வரிப் பெல்ட்டுக்கு ஓர் அடி நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே கீச்சு வரும். லேத்தில் புதுப் புஷ் போட்டு, கழற்றிய அதே பெல்ட்டை மாட்டினார். பெல்ட்டை இறுக்கியபின் நூல் பிடிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

டென்வரில் ஜான் கேட்ஸ் 1917இல் ரப்பர் வி பெல்ட்டைக் கொண்டுவந்தது முதல் இன்றுவரை பெல்ட் நன்றாகிக்கொண்டே வருகிறது, பார்க்கிற கண்தான் மங்கிக்கொண்டே வருகிறது. மதுரையில் செய்த ஃபென்னர் பெல்ட் அம்பாசடரில் ஓடிய காலத்தில் உள்பக்க வெடிப்பை எண்ணியே வயதைச் சொல்வார்கள். இன்றைய ஈபிடிஎம் ரப்பர் லேசில் வெடிக்காது. டயரைப் போல ஓசைப்படாமல் தேய்ந்து, காடிக்குள் இறங்கி வழுக்கும். "வெடிப்பே இல்ல சார், நல்லாயிருக்கு" என்று பையன்கள் அனுப்பிவிடுகிறார்கள். நகத்தால் வரியின் ஆழத்தை வருடிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. சில கார்களில் டென்ஷனரே கிடையாது. நீட்டிப் போடுகிற பெல்ட், கழற்ற வேண்டுமானால் கத்தியால் வெட்ட வேண்டியதுதான். நூலுக்கும் கட்டை விரலுக்கும் அங்கே வேலையில்லை, இன்ஜினையே பிளாஸ்டிக் மூடியால் போர்த்தியாயிற்று.

மேஸ்திரியிடம் வண்டி காட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்தியானம் போய், "காலைல கத்துச்சு மேஸ்திரி, இப்ப கத்தல" என்று நிற்காதீர்கள். முதல் நாள் இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள், ஊரில் தங்குமிடம் இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆறு மணிக்கு முதல் ஸ்டார்ட்டை அவரேதான் போட வேண்டும். உங்களை அருகில் விட மாட்டார், நடுவில் பேசுவீர்களாம்.