சாளரம் யாருடையது?
குறும்பதிவுச் செயலிகள்: ஓர் ஒப்பாய்வு

குறுகச் சொல்வது நம் மொழிக்குப் புதியதன்று. ஏழே சீரில் ஓர் அறத்தை நிறுத்திக் காட்டிய மொழி இது. அரபு மதரஸாக்களில் பலாகத் என்னும் சொல்வன்மைக் கலையை ஓதியவர்கள் 'ஈஜாஸ்' என்னும் பாடத்தை அறிவர். சொல் சுருங்கிப் பொருள் பெருகுவதே அதன் இலக்கணம். ஆகவே, சில நூறு எழுத்துகளுக்குள் ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கும் குறும்பதிவு என்னும் வழக்கத்தைக் கண்டு நாம் மருளவும் வேண்டா, இகழவும் வேண்டா. ஆனால், குறுகச் சொன்னதை எக்கருவியின் வழியே படிக்கிறோம், அக்கருவி நம் சொற்படி நடக்கிறதா, நம்மைத் தன் சொற்படி நடத்துகிறதா என்பதை மட்டும் ஆராய்ந்தே தீர வேண்டும்.

நூலை மதிப்பிடுவோர் நூல் வந்தமரும் பலகையை ஏன் மதிப்பிட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஓலைச்சுவடியைப் படித்தவரும் அச்சுநூலைப் படித்தவரும் ஒரே பாட்டை ஒரே வகையிற் படித்தாரல்லர். முன்னவர் சீர்பிரித்துக் கொள்ளும் பொறுப்பைத் தாமே சுமந்தார்; பின்னவருக்கு அதைப் பதிப்பாசிரியர் சுமந்து கொடுத்தார். கருவி மாறினால் படிப்பு மாறும். இக்கட்டுரை அந்த ஒரு கருத்தைப் பற்றியே நடக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். குறும்பதிவுத் தளம் என்பது ஒரு வீடு. அங்கேதான் எழுதியவை எல்லாம் சேமிக்கப்பட்டுக் கிடக்கின்றன. செயலி என்பது அவ்வீட்டின் சாளரம். மேசைக் கணிப்பொறியில் நிறுவும் செயலி ஒரு சாளரம். இணைய உலாவியில் திறக்கும் பக்கம் மற்றொன்று. கைப்பேசியில் வைத்திருப்பது வேறொன்று. வீடு ஒன்றேயாயினும், எந்தச் சாளரத்தின் வழியே நோக்குகிறோமோ அதற்கேற்பவே வீட்டின் தோற்றம் அமையும்.

ட்விட்டர் என்னும் தளம் 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் நல்ல சாளரங்கள் பலவற்றைச் செய்தவர்கள் அவ்வீட்டுக்காரர்கள் அல்லர், வெளியார். 2007 ஜனவரியில் ஐகான்ஃபாக்டரி என்னும் சிறு நிறுவனம் மேக் கணிப்பொறிக்கென 'ட்விட்டரிஃபிக்' என்ற செயலியை வெளியிட்டது. பறவைச் சின்னம், எழுத எழுத எஞ்சிய எழுத்துகளை எண்ணிக் காட்டும் எண் ஆகியவை அச்செயலியிலேதான் முதன்முதலில் அமைந்தன. 2008இல் லோரன் பிரிக்டர் என்னும் இளைஞர் ஐஃபோனுக்கென 'ட்வீட்டி'யைப் படைத்தார். திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதியவை வந்து சேரும் முறையை வழங்கியவர் அவரே. இன்று அந்த இழுப்பு இல்லாத கைப்பேசியைக் காண்பது அரிது. அதே ஆண்டில் இயன் டாட்ஸ்வொர்த் என்பார் 'ட்வீட்டெக்' என்னும் மேசைச் செயலியை ஆக்கினார். ட்வீட்டியை 2010இலும், ட்வீட்டெக்கை 2011இலும் ட்விட்டர் நிறுவனமே விலைக்கு வாங்கிக்கொண்டது. விருந்தாளிகள் அமைத்த சாளரம் வீட்டுக்காரரின் உடைமை ஆயிற்று.

இம்மூவகைச் சாளரங்களையும் இனி ஒப்பிட்டு நோக்குவோம்.

மேசைச் செயலிகளுள் என் மதிப்பில் முதலிடம் ட்வீட்டெக்கின் பழைய வடிவுக்கே உரியது. திரையைப் பல பத்திகளாகப் பிரித்து, ஒன்றில் நாம் பின்தொடர்வோர், ஒன்றில் நாமே தொகுத்த பட்டியல், ஒன்றில் ஒரு சொல்லைப் பற்றிய தேடல், ஒன்றில் நமக்கு வந்த மறுமொழிகள் என்று அது நிறுத்தியது. பழைய அரபுக் கிதாபுகளின் பக்கத்தைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பு விளங்கும். நடுவே மத்ன் என்னும் மூலம். அதைச் சூழ்ந்து ஷரஹ் என்னும் உரை. விளிம்பில் ஹாஷியா என்னும் குறிப்பு. கண் எங்கே செல்ல வேண்டும் என்பதை அப்பக்கம் கட்டளையிடுவதில்லை. ஓதுபவரே மூலத்திலிருந்து உரைக்கும், உரையிலிருந்து குறிப்புக்கும் சென்று மீள்கிறார். ட்வீட்டெக் வாசகருக்கு வழங்கிய மதிப்பும் அத்தகையதே. குறையும் உண்டு. பத்திகள் பெருகப் பெருக அமைதி குன்றும். செய்தியாளருக்கு அது கருவி, ஓய்வாகப் படிக்க விழைவோர்க்குச் சந்தைக்கடை.

கைப்பேசிச் செயலி எழுதுவதற்கு ஏற்றது. கண்டதைக் கண்டவிடத்தே குறித்துவிடலாம். படிப்பதற்கோ அது இருமுனைக் கத்தி. ஒரே பத்தி, ஒரே விரல், முடிவே இல்லாத இறக்கம். கைப்பேசிச் செயலிகளுள் 2011இல் டாப்பாட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ட்வீட்பாட்' தனித்து நின்றது. நேற்று விட்ட இடத்தை அது நினைவில் வைத்திருக்கும். அவ்விடத்திலிருந்து காலமுறைப்படி மேலேறி வந்து, புதியதைத் தொட்டவுடன் 'முடிந்தது' என்று நிறுத்திக்கொள்ளலாம். புத்தகத்தில் அடையாளநாடா வைத்துப் படிப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். முடிவு உள்ள வாசிப்பே மனத்தில் தங்கும்.

இணையப் பக்கமோ இரண்டுக்கும் இடைப்பட்டது. நிறுவ வேண்டுவதில்லை, எவர் கணிப்பொறியிலும் திறக்கலாம், பெரிய எழுத்தில் படிக்கலாம், மூடிவிட்டால் அது நம்மைக் கூவி அழைப்பதுமில்லை. கணக்கே இல்லாதவரும் வந்து படித்துச் செல்லக்கூடிய திண்ணையாக அது நெடுங்காலம் இருந்தது. 2023 ஜூன் இறுதியில் ட்விட்டர் அத்திண்ணையை அடைத்தது. பின்னர்த் தனித்தனிப் பதிவுகளை மட்டும் காணுமாறு சிறிது திறந்துவிட்டது.

இங்கேதான் ஒப்பாய்வு சுவை பற்றிய வழக்காக இல்லாமல் உரிமை பற்றிய வழக்காக மாறுகிறது. வெளியார் செயலி ஒவ்வொன்றும் ஓர் இலட்சம் பயனாளருக்கு மேல் சேர்க்க விரும்பினால் தன் இசைவு வேண்டும் என்று 2012 ஆகஸ்டிலேயே அந்நிறுவனம் விதித்திருந்தது. 2022 அக்டோபரில் நிறுவனம் எலான் மஸ்க்கின் கைக்கு மாறிற்று. 2023 ஜனவரி 12 அன்று ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் முதலிய செயலிகள் முன்னறிவிப்பு ஏதுமின்றி இயங்காமற் போயின. அவற்றைத் தடுக்கும் விதி எழுத்தில் வந்ததோ ஒரு கிழமை கழித்து, ஜனவரி 19 அன்று. தீர்ப்பு முன்னே, சட்டம் பின்னே! அதே மாதத்தில், 'உங்களுக்காக' என்னும் பகுதி முன்னிலைக்கு வந்தது. நாம் தேர்ந்தவர்களின் சொல்லைக் காலமுறையில் காட்டாது, பொறி தேர்ந்தவற்றை முற்படக் காட்டுவது அதன் இயல்பு. அவ்வாண்டு ஜூலையில் தளத்தின் பெயரே எக்ஸ் என்றாயிற்று. ஆகஸ்டில் ட்வீட்டெக்கும் கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டுமே உரியதாயிற்று.

நிறுவனம் தன் உடைமையைத் தான் விரும்பியவாறு ஆள்வதில் தவறென்ன என்று கேட்பாரும் உளர். சட்டப்படி அஃது அவர் உரிமையே, மறுப்பதற்கில்லை. வெளியார் செயலிகளில் நிறுவனத்தின் விளம்பரம் தோன்றாது என்பதும், அதனால் அதற்கு வருவாய் குன்றும் என்பதும் மெய். எனினும் வாசகர் பக்கத்து இழப்பையும் அதே தராசில் வைக்க வேண்டும். பல சாளரங்கள் இருந்தவரை, ஒரு சாளரம் வாசகரை மதிக்காவிட்டால் அவர் மற்றொன்றுக்குச் செல்வார். அந்த அச்சமே ஒவ்வொரு சாளரத்தையும் ஒழுங்காக வைத்திருந்தது. ஒன்றே எஞ்சிய பின், அது காட்டுவதே காட்சி.

இவ்வனுபவத்தின் பின் புதுவீடுகளை நோக்குவோம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016இல் தொடங்கிய மாஸ்டடான் ஒரே வீடன்று. பல வீடுகள் கொண்ட தெரு. ஒரு பதிவுக்கு 500 எழுத்து என்பது அங்கு இயல்பான அளவு. வீடுகள் தம்முள் பேசிக்கொள்ளும் நெறி பொதுவில் வெளியிடப்பட்டிருப்பதால், எவரும் சாளரம் அமைக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு 'டஸ்கி' என்னும் இலவசச் செயலி உண்டு. வழி அடைபட்ட ட்வீட்பாட்டின் ஆசிரியர்களே 2023 ஜனவரியில் ஆப்பிள் கருவிகளுக்கென 'ஐவரி'யைக் கொண்டுவந்தனர். விட்ட இடத்தை நினைவில் வைக்கும் பழைய பண்பு அதிலும் உண்டு. ஆயின் முழுப் பயனுக்குச் சந்தா கட்ட வேண்டும். இணையப் பக்கத்தில் பல பத்தி அமைப்பும் உள்ளது. குறையாதெனில், புதிதாய் வருவோர் எந்த வீட்டில் குடியேறுவது என்று திகைப்பர். வீடு மாறினால் பின்தொடர்வோரை அழைத்துச் செல்லலாம், பழைய பதிவுகளைக் கொண்டுசெல்ல இயலாது.

புளூஸ்கை 2024 பிப்ரவரியில் அனைவர்க்கும் திறக்கப்பட்டது. அதன் இணையப் பக்கமும் கைப்பேசிச் செயலியும் ஒரே சாயலின. ஒன்றைப் பழகினார்க்கு மற்றது அயலன்று. பின்தொடர்வோரைக் காலமுறையிலும் காணலாம். பிறர் ஆக்கிய தேர்வுமுறைகளுள் நாம் விரும்பியதையும் சேர்த்துக்கொள்ளலாம். பொறி தேர்ந்தாலும், எந்தப் பொறி தேர்வது என்பதை நாம் முடிவு செய்கிறோம். மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ் 2023 ஜூலையில் கைப்பேசிச் செயலியாகவே பிறந்தது. இணையப் பக்கம் ஆகஸ்டில்தான் வந்தது. பார்வைக்கு அழகியது; பழகுதற்கு எளியது; ஆயினும் பொறியின் தேர்வே அங்கு முன்னிருக்கை பெறுகிறது.

தமிழில் எழுதும் நமக்கு இன்னுமோர் உரைகல் உண்டு. ட்விட்டர் முதலில் வகுத்த 140 என்னும் எல்லை கைப்பேசிக் குறுஞ்செய்தியிலிருந்து பிறந்தது. ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 இடம். அதில் 20ஐப் பெயருக்கு ஒதுக்கினர். தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திக்கோ 70 இடமே கிடைக்கும். 2017 நவம்பரில் 140 என்பது 280 ஆயிற்று. தமிழுக்கும் அப்பேறு கிட்டிற்று. ஆனால் எண்ணும் முறையைக் கவனியுங்கள். 'இலக்கியம்' என்பது நம் கண்ணுக்கு ஆறெழுத்து. புள்ளியையும் கொம்பையும் விசிறியையும் தனித்தனியே எண்ணும் எக்ஸ் தளத்தின் கணக்கில் அது ஒன்பது. இதே விகிதம் நீடித்தால் 280 இடம் ஏறத்தாழ 187 எழுத்தாகச் சுருங்கும். புளூஸ்கை அவ்வாறு எண்ணுவதில்லை. கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தோன்றுவதை ஓரெழுத்தாகவே கொண்டு 300 வரை இடமளிக்கிறது. நம் முன்னோர் எழுத்தெண்ணிப் பாடியவர்கள். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து, ஒற்று நீங்கலாக என்று வகுத்தனர். புலவர்கள் கணக்கிலிருந்து தள்ளிய ஒற்றுக்கு, எக்ஸ் தளம் இருமுறை விலை கேட்கிறது!

தமிழுக்கு இடமளிப்பதாகச் சொல்லும் வீடு மட்டும் போதுமா என்றால், போதாது. இந்திய மொழிகளுக்கென 2020இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற 'கூ' தமிழையும் ஏற்றது. 2024 ஜூலையில் அது மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. நல்ல நோக்கமுடைய வீடும் இடியலாம். ஆகவே, தாம் எழுதியதன் படியொன்றைத் தம்மிடமே வைத்திருப்பது எழுதுவோர் யாவர்க்கும் கடன்.

இனி என் முடிபைக் கூறுகிறேன். கைப்பேசியில் எழுதுங்கள், கணிப்பொறியில் படியுங்கள். கூடத்து மேசையில் உலாவியில் திறந்து, அரைமணி நேரம் படித்து, மூடிவிட்டு எழும் குடும்பத்திற்குக் குறும்பதிவு ஒரு நாளேடாகப் பயன்படும். பிள்ளைகளின் கைப்பேசியில் செயலி வைக்க நேர்ந்தால், அதில் காலமுறைப் பகுதியை முன்னே வைக்கக் கற்றுக்கொடுங்கள். தளங்களுள், தமிழ் எழுத்தை நேர்மையாக எண்ணுவதில் புளூஸ்கையும், பல சாளரங்களுக்கு இடங்கொடுப்பதில் மாஸ்டடானும் என் பாராட்டைப் பெறுகின்றன. நண்பரும் செய்தியாளரும் இன்னும் எக்ஸ் தளத்திலேயே மிகுந்திருக்கின்றனர் என்பார்க்கு, அதன் 'பின்தொடர்வோர்' பகுதியையேனும் தேர்ந்துகொள்ளுங்கள் என்பேன்.

செயலியை ஒப்பிடுவோர் நிறத்தையும் வேகத்தையும் ஒப்பிடுகின்றனர். அவையும் வேண்டியவையே. எனினும் முதற்கேள்வி வேறு: இச்சாளரம் எனக்குப் பிடிக்காமற் போனால், வீட்டை இழக்காமல் வேறு சாளரத்துக்கு நான் செல்ல முடியுமா? 'முடியும்' என்னும் விடை தரும் இடத்தில் நம் சொற்களைச் சேமிப்போம்.