மரபியல் கற்பித்தலில் கணினி உருவகப்படுத்தல்

கணினி உருவகப்படுத்தல் என்பது உயிரிகளின் கலப்பையும் அதன் விளைவையும் திரையில் நடத்திக் காட்டும் கற்பித்தல் முறையாகும். அமெரிக்காவில் ஜான் ஜங்க், ஜான் காலி உருவாக்கிய ஜெனடிக்ஸ் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட் இதன் முன்னோடிகளுள் ஒன்று. அதில் மாணவரே கலப்புகளைத் தேர்ந்து, கிடைக்கும் எண்ணிக்கையிலிருந்து மரபு விதியை ஊகிக்க வேண்டும்.

காவிரிப் படுகைக் கல்லூரிகளுக்கு இதன் பயன் தெளிவானது. நெல்லைக் கலந்து இரண்டாம் மகவுச் சந்ததியைக் காண மூன்று பருவங்கள் ஆகும். திரையில் சில நொடிகளே. ஐ.ஆர்.8 நெல்லின் குட்டைத்தன்மை ஓர் ஒடுங்கு மரபணுவால் அமைவது. நெட்டை நெல்லுடன் கலந்தால் இரண்டாம் சந்ததியில் 3:1 விகிதம் எதிர்பார்க்கப்படும். ஆனால் 16 செடிகளில் சரியாக 12 நெட்டை, 4 குட்டை அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் குறைவு. விகிதம் என்பது உறுதியன்று, நிகழ்தகவே என்பதைப் பலமுறை ஓட்டிக் காட்டும் திரை, கரும்பலகையைவிட நன்கு உணர்த்துகிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. திரையில் ஒவ்வொரு செடியும் 'நெட்டை', 'குட்டை' என்று பெயரிடப்பட்டே வருகிறது. வயலில் உரமும் நீரும் உயரத்தை மாற்றும். இடைப்பட்ட செடியை எதில் சேர்ப்பது என்பதை அளப்பவரே முடிவுசெய்ய வேண்டும். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் பயிர்ப்பெருக்குநரின் அன்றாடப் பணி இதுவே. ஆகவே திரையில் கணித்ததைக் கல்லூரித் தோட்டத்தின் ஒரு பாத்தியிலாவது அளந்து பார்க்கச் செய்யாத பாடம், மரபியலில் பாதியையே கற்பிக்கிறது.